எல்லா விளக்கும் ஒன்றாக மின்னினால்

"தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சொருகிட்டேன். இதுக்குப் போய் இந்தக் கத்து கத்தறியே!"

"எங்கே சொருகினே?"

"பொட்டியிலதான். ஒரு ஓட்டை சும்மாத்தானே கிடந்துச்சு?"

"அம்மா, அந்த ஒயரோட இன்னொரு முனையும் அதே பொட்டியிலதான் இருக்கு!"

"இருக்கட்டுமே. ரெண்டு முனையும் வீட்டுக்குள்ளேயே இருந்தா நல்லதுதானே?"

ஊசிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்தாள். மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர முடியாத அந்தப் பொந்தில், காலையில்தான் கம்ப்யூட்டர், கேமரா ஒயர்களை இணைக்கும் புது நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியைச் சுவரில் பொருத்தியிருந்தாள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. எட்டு ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு குட்டி விளக்கு. எல்லா விளக்குகளும் இப்போது ஒரே தாளத்தில், பித்துப் பிடித்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தன. வெளியே நடைச் சுவரில் இருந்த டிவியில் கேமராப் படங்கள் உறைந்து நின்றன.

"ஒரு சேதி உள்ளே வந்தா அது வெளியே போகணும். நீ இப்படி வளையம் போட்டுட்டா அது வழி தெரியாம சுத்திச் சுத்தி வரும். சுத்தச் சுத்த ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். கடைசியில வேற எதுக்குமே இடம் இருக்காது."

"உங்க அத்தை பேச்சு மாதிரின்னு சொல்லு."

ஊசி சிரித்துவிட்டாள். சொருகியிருந்த முனையைப் பிடுங்கினாள். விளக்குகள் ஒரு கணம் திகைத்து, பிறகு ஒவ்வொன்றும் தன் தன் தாளத்துக்குத் திரும்பின. கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போவதுபோல இருந்தது அவளுக்கு.

ஊசி என்பது வீட்டார் வைத்த பெயர். எலும்பும் தோலுமாக இருப்பாள், எந்த இடுக்கிலும் நுழைவாள், வாயைத் திறந்தால் குத்துவாள். அதுவே பிழைப்பாகவும் ஆகிவிட்டது. அலுவலகக் கூரைகளுக்குள் தவழ்ந்து கேபிள் இழுப்பதுதான் அவள் வேலை. ஊரின் மறுகோடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். கடைக்கு விடுமுறை என்பதால் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறாள்.

கீழே கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற நடையில்தான் இந்தப் பொந்து. இந்த வீட்டில் எதுவும் தொங்கக் கூடாது. திரைச்சீலையின் கயிறு, துண்டின் நுனி, பையின் வார் எதுவாக இருந்தாலும் அம்மா பார்த்தால் எடுத்துச் செருகிவிடுவாள். தொங்கிக்கொண்டிருந்த ஒரு கயிறு தள்ளுவண்டிச் சக்கரத்தில் மாட்டித்தான் ஒருநாள் இரும்புச் சட்டத்தில் சாய்த்திருந்த கண்ணாடிகள் சரிந்தன. அப்பா அவற்றுக்குக் கீழே இருந்தார். அன்றிலிருந்து கடையில் இரண்டே விதிகள். எதுவும் தொங்கக் கூடாது. விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது. கையை விட்டுவிட்டுப் பின்னால் நகர வேண்டும்.

சின்னவனின் தலையில் போன வாரம் போட்ட தையலை இன்னும் பிரிக்கவில்லை. சின்னவன் ஊசிக்குத் தம்பி. வாய்ச்சொல்லை எண்ணி எண்ணிச் செலவழிப்பவன். "கண்ணாடி சரிஞ்சு விழுந்துச்சு" என்றான் அண்ணன். அம்மாவும் அதையே சொன்னாள். அண்ணி மட்டும் மருத்துவமனை நடையில் ஊசியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"கண்ணாடியும் இல்லை, மண்ணும் இல்லை. இரும்பு ஸ்கேல். உங்க அண்ணன் கையில இருந்துச்சு."

"கேமரா இருக்கே அண்ணி?"

"அந்த நேரம் மட்டும் எதுவும் பதியலை. என் மணிக்கட்டு உடைஞ்ச அன்னைக்கும் பதியலை. எப்பவுமே அந்த நேரம் மட்டும் பதியறதில்லை, ஊசி." அண்ணி அழவில்லை. "இந்தத் தெருவுல அவரைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னா என்னைத்தான் பைத்தியம்னு சொல்வாங்க. ஒரே ஒரு தடவை, அவர் கை ஓங்கறதை வேற யாராவது பாக்கணும். அப்புறம் புகார் குடுத்துட்டு இந்த வாசலைத் தாண்டிடுவேன். சின்னவனும் பிழைச்சுக்குவான்."

பழைய பெட்டிதான் சூடேறி மயங்கி விழுகிறது என்று ஊசி நினைத்தாள். "புதுசு போடறேன். இனிமே ஒரு நிமிஷம்கூட விடாது அண்ணி" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அண்ணனும் உடனே சரி என்றான். அவன் கணக்கு வேறு. மாடிக் கம்ப்யூட்டரில் அண்ணி வரையும் அளவுகள் கீழே கண்ணாடி வெட்டும் மேசைக்கு வந்து சேர வேண்டும். பாதியில் வரத்து நின்று, மேசையும் நின்று, கண்ணாடிகள் வீணாகிக்கொண்டே இருந்தன. மேசை விற்ற கம்பெனிக்காரர்களிடம் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போட்டிருந்தான்.

ஊசி கேபிள்களை ஒருமுறை சரிபார்த்தாள். இணையம் வரும் ரவுட்டருக்கு ஒன்று. கேமராப் படங்களைப் பதியும் ரெக்கார்டருக்கு ஒன்று. வெட்டும் மேசை, மாடிக் கம்ப்யூட்டர், வாசலில் ஒன்று கடைக்குள் ஒன்று என்று இரண்டு கேமராக்கள். ஏழாவது அவளுடைய லேப்டாப்புக்கானது. ஒரு முனை பெட்டியிலேயே இருக்கும், வரும்போதெல்லாம் மறுமுனையை லேப்டாப்பில் மாட்டிக்கொள்வாள். பழைய பெட்டியிலும் அப்படித்தான் அந்த நீல ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டாவது ஓட்டை காலி.

அம்மா இருக்கிற வீட்டில் தொங்குகிற ஒயரும் காலி ஓட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்குமென்று இப்போது தெரிந்துவிட்டது. ஊசி பெட்டியின் பக்கவாட்டைத் தடவினாள். நகத்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளக்கூடிய ஒரு குட்டி வெள்ளைப் பொத்தான் அங்கே இருந்தது. தள்ளி வைத்தாள். இனி யாராவது வளையம் போட்டால் பெட்டி அந்த ஓட்டையை மட்டும் மூடிவிடும், மற்றவை பாட்டுக்கு ஓடும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லி விளங்க வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

கடையிலிருந்து சடார் சடார் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அண்ணன் துண்டுக் கண்ணாடிகளைக் குப்பைத் தொட்டியின் விளிம்பில் அடித்து உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சும்மா இருக்கும்போதும் அவன் கை எதையாவது உடைத்துக்கொண்டுதான் இருக்கும். சத்தம் நின்றது. அண்ணன் குனிந்து பொந்துக்குள் தலையை நீட்டினான்.

"என்ன ஊசி, நூல் கோத்தாச்சா?"

"ஆச்சு. இன்னும் முடிச்சுதான் போடணும்."

அவன் அவள் தலையைச் செல்லமாகத் தட்டினான். சிறுவயதில் வெள்ளம் வந்தபோது அவளைத் தோளில் வைத்துக் கடந்த கை அது. கனமான கை. செல்லத்துக்கும் கழுத்து கொஞ்சம் தாழ்ந்தது.

"இது ரெண்டும் பச்சை, இது மட்டும் ஏன் ஆரஞ்சு?"

"கேமராவுக்கு ஆரஞ்சுதான். அதுக்கு அந்த வேகம் போதும்."

"கேமரா இல்லை. இது மாடிக்குப் போற ஒயர்தானே? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஊசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உள்ளே எட்டுக் கம்பி இருக்கும். எட்டும் உயிரோட இருந்தாத்தான் முழு வேகம், பச்சை எரியும். ஒண்ணு செத்திருக்கு. மேல் முனையில ஜாக்கை வெட்டிட்டுப் புதுசு போட்டா சரியாயிடும்."

"அப்போ அளவு நின்னு நின்னு வந்தது இதாலதானா? மேசையில கோளாறு இல்லையா?"

"இருக்கலாம். எலி கடிச்சிருக்கும்."

"எலி எங்கே வந்துச்சு?" என்றாள் அம்மா, படியில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்தபடி. "மேல் ஜாக்கு சின்னவன் போட்டது. யூடியூப் பாத்துப் போட்டேன்னு பெருமையா சொன்னானே."

அண்ணன் தலையை வெளியே எடுத்தான். செருப்பு, சின்னவனும் அண்ணியும் இருந்த கடைப் பக்கம் போயிற்று. அம்மாவின் கை மடித்துக்கொண்டிருந்த துணியில் அப்படியே நின்றது.

"நான் சும்மா சொன்னேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"உன் வாயைத் தைக்கணும்மா." ஊசி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினாள். விளக்கு பச்சையாகிவிட்டால், அண்ணன் அதைப் பார்த்துவிட்டால், ஆறிவிடுவான் என்று தோன்றியது. சின்னப் பிள்ளைத்தனமான நம்பிக்கைதான். மேல் முனையை வெட்டினாள். ரப்பர் தோலை உரித்தாள். எட்டு மெல்லிய கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்திப் புது ஜாக்குக்குள் நுழைத்தாள். அவசரத்தில் நீலக் கம்பி வழுக்கி வழுக்கி வெளியே வந்தது. ஜாக்கை நெரித்துப் பொருத்தும் கிரிம்பரை அழுத்தினாள். கிளிக்.

அதே நொடியில் கீழே ஏதோ பெரிதாக உடைந்தது.

அதைத் தொடர்ந்து அண்ணியின் குரல். "விடுங்க! தையல் பிரியுது, விடுங்க!"

ஊசி படியில் பாய்ந்தாள். கடைசி வளைவில் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கடைக்குப் போகவில்லை. பொந்துக்குள் பாதி உடலை நுழைத்து முழங்கால் போட்டிருந்தாள். கையில் நீல ஒயர். அதன் தொங்கும் முனையை, தடவிப் பார்க்கக்கூட இல்லை, பழகின கை ஊக்கைக் குத்துவதுபோல் நேராகக் காலி ஓட்டையில் செருகினாள். செருகிவிட்டுக் காத்திருந்தாள். அப்பால் சின்ன மகன் அலறுவது கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற விளக்குகள் நிதானமாகத் தத்தம் போக்கில் மின்னின. புதிதாகச் செருகிய ஓட்டையின் விளக்கு மட்டும் அணைந்து கிடந்தது.

அம்மா திரும்பினாள். ஊசியைப் பார்த்து, உலை ஏன் கொதிக்கவில்லை என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏண்டி, எல்லாம் ஒண்ணா மின்னலையே?"

ஊசி படியில் நின்றுவிட்டாள். அண்ணியின் மணிக்கட்டு, சின்னவனின் தலை, முன்பு கடையில் இருந்து, உதடு கிழிந்து வேலையை விட்டுப் போன ஒரு வேலைக்காரர். எப்பவுமே அந்த நேரம் மட்டும். பழைய பெட்டி ஒருபோதும் மயங்கி விழவில்லை.

மறுபடி ஒரு அலறல். ஊசி கடைக்குள் ஓடினாள்.

வெட்டும் மேசையில் சின்னவனின் முகம் பக்கவாட்டில் அழுந்திக் கிடந்தது. அண்ணனின் இடது கை அவன் பிடரியில். வலது கை ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி.

"எத்தனை. கண்ணாடி. போச்சு. என் பொழைப்பை. நீ. ஒயர் போட்டு. நாசமாக்கினியா?"

சின்னவனின் தலையில் இருந்த கட்டு சிவந்து நனைந்திருந்தது. மேசையின் மெத்தைத் துணியில் சிவப்பு பரவியது. அண்ணி அண்ணனின் மணிக்கட்டில் இரண்டு கைகளாலும் தொங்கினாள். அவன் கையை உதறினான், ஈரத்தை உதறுவதுபோல. அண்ணி துண்டுக் கண்ணாடித் தொட்டியின்மேல் போய் விழுந்தாள். எழுந்தபோது அவள் உள்ளங்கை இரண்டாகப் பிளந்திருந்தது.

"அண்ணா!" ஊசி அவன் முதுகில் தாவினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். சுவரை இழுப்பதுபோல் இருந்தது. முழங்கை ஒன்று பின்னோக்கி வந்து அவள் வாயில் இறங்கியது. உலகம் வெள்ளையாகி, பிறகு உப்புக் கரித்தது. தரையில் கிடந்தாள். நாக்கில் ஏதோ சின்னதாகத் தட்டுப்பட்டது. பல்.

அண்ணன் சின்னவனைச் சட்டைக் காலரோடு தூக்கினான். கண்ணாடிகள் சாய்த்திருந்த இரும்புச் சட்டத்துக்கு இழுத்துப் போனான். ஒருமுறை மோதினான். கண்ணாடிகள் பற்களைக் கடிப்பதுபோல் நறநறத்தன.

"அங்கே வேண்டாங்க! கண்ணாடி!" என்று அண்ணி கத்தினாள்.

மறுபடி மோதினான்.

முன்னால் இருந்த பெரிய கண்ணாடி சட்டத்தை விட்டு மெல்லக் கிளம்பியது. அதற்கு அவசரமே இல்லை. அதன் பரப்பில் எதிர் ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே இருந்த வெளிறிய வானமும், ஒரு பறவையும் சாய்ந்து சாய்ந்து வழிந்தன. இத்தனை அழகாகவா அப்பாவுக்கும் வந்தது என்று தரையில் கிடந்த ஊசிக்கு ஒரு நினைப்பு ஓடியது.

அண்ணன் அண்ணாந்து பார்த்தான். உடம்பு பழகிய விதியைச் செய்தது. கையை விட்டான். பின்னால் நகர்ந்தான்.

சின்னவன் நகரவில்லை. அவனுக்குக் கண்ணே சரியாகத் திறக்கவில்லை.

அண்ணிதான் பாய்ந்தாள். பிளந்த கையாலேயே அவன் இடுப்பைப் பற்றித் தன்மேல் இழுத்துக்கொண்டு விழுந்தாள். கண்ணாடி சட்டத்தின் விளிம்பில் முறிந்தது. அந்தச் சத்தம் காதை அறைந்தது. மேல் பாதி சின்னவனின் தோளை உரசிக்கொண்டு தரையில் சிதறியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அவன் கை, உறை பிரித்ததுபோல் திறந்துகொண்டது.

கொஞ்ச நேரத்துக்குக் கடையில் துண்டுகள் உருண்டு ஓய்கிற சத்தம் மட்டும்.

பிறகு அண்ணன் பேசினான். வாடிக்கையாளரிடம் பேசுகிற சாதாரணக் குரல்.

"கண்ணாடி சரிஞ்சு விழுந்துடுச்சு."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். "ஆமா" என்றாள். "சரிஞ்சுதான் விழுந்துச்சு."

போன வாரத்துப் பொய் இந்த வாரம் பாதி உண்மையாகிவிட்டது. கண்ணாடி விழுந்தது நிஜம். யார் மோதினார்கள், யார் கையை விட்டார்கள் என்பதைச் சொல்ல இனி மேலே மூலையில் இருந்த அந்தக் கேமராவின் ஒற்றைக் கண்தான்.

அண்ணி யாரையும் பார்க்கவில்லை. துண்டைக் கிழித்துச் சின்னவனின் கையை இறுக்கிக் கட்டினாள். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு வண்டி எடுக்கச் சொன்னாள். அவர் பதறி ஓடிவந்து, "என்னாச்சு, கண்ணாடியா?" என்று கேட்டார். "ஆமாங்க, கவனமில்லாம நின்னுட்டான்" என்றான் அண்ணன். சின்னவனைத் தாங்கிக்கொண்டு போகும்போது அண்ணி ஊசியின் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள்.

"இந்தத் தடவை இருக்கா?" உதடு மட்டும்தான் அசைந்தது.

ஊசி வாயைப் பொத்தியிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். தலையை ஆட்டினாள். இருக்கு.

அண்ணியின் முகத்தில் ஊசி இதுவரை பார்த்திராத ஒன்று வந்துபோனது. வண்டிக் கதவு சாத்திக்கொண்டது.

அண்ணன் குழாயடியில் கையைக் கழுவினான். நகக்கண்களைக்கூட விடாமல் கழுவினான். பிறகு துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடியைக் கூட்டத் தொடங்கினான். சுத்தம் அவனுக்கு முக்கியம்.

ஊசி பொந்துக்குள் நுழைந்தாள். அம்மா செருகியிருந்த முனையைப் பிடுங்கினாள். மாடிக்குப் போகும் ஒயரின் விளக்கு இப்போது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கிய முனையை லேப்டாப்பில் மாட்டினாள். ரெக்கார்டருக்குள் போய் இன்றைய பகலைத் தேடி எடுத்தாள். நகல் எடுக்கச் சொன்னாள். திரையில் கோடு மளமளவென்று வளர்ந்தது. இந்த வீட்டில் எதுவும் இவ்வளவு வேகமாக வெளியே போனதில்லை.

பின்னால் மூச்சுச் சத்தம். அம்மா குனிந்து நின்றாள்.

"எத்தனை நாளாம்மா?"

"முதல்ல தெரியாமத்தான் சொருகினேன். சத்தியமா." அம்மாவின் குரல் தணிந்திருந்தது. "எல்லாம் ஒண்ணா மின்னுச்சு. டிவியில படம் நின்னுபோச்சு. அன்னைக்குத்தான் அவன் அவ கையை முறுக்கினது. யாருக்கும் தெரியாமப் போச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் அவன் கை ஓங்கறப்பல்லாம் சொருகுவேன், அடங்கினதும் பிடுங்கிடுவேன்."

"அண்ணிக்கு?"

அம்மா முந்தானை நுனியை இடுப்பில் செருகினாள்.

"சின்னவனும் உன் வயித்துல பிறந்தவன்தானே? அங்கே அவன் கத்தறான், நீ இங்கே விளக்கு பாத்துக்கிட்டு இருக்கே."

"அங்கே போயி நான் என்னடி செய்ய? என் பேச்சை அவன் கேட்டா போக மாட்டேனா? என் கையில ஆகறது இது ஒண்ணுதான்." அம்மா பொந்தின் பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "அப்பா போனப்ப இந்தக் கடையைத் தூக்கி நிறுத்தினவன் அவன். அவனைப் பிடிச்சுட்டுப் போயிட்டா நமக்கு என்ன இருக்கு? கண்ணாடிக்கு ஒருத்தரைக் குடுத்தாச்சு. இன்னொருத்தனையும் நானே குடுக்கவா?"

"இன்னைக்குக் கொஞ்சம் விட்டிருந்தா சின்னவனைக் கண்ணாடிக்கே குடுத்திருப்பே."

திரையில் கோடு முடிந்தது. ஊசி லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. அவள் கண் மறுபடி பெட்டிக்கே போயிற்று. விரலால் அதன் பக்கவாட்டைத் தடவி, தடவி, அந்தக் குட்டி வெள்ளைப் பொத்தானில் வந்து நின்றாள்.

"பழசுல இது இல்லை" என்றாள். "இதுதானே?"

ஊசி லேப்டாப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அம்மா பொத்தானைத் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. காலமெல்லாம் கண்ணாடி துடைத்துத் தேய்ந்த விரல், நுனியில் நகமென்று ஒன்றும் இல்லை. வழுக்கியது. மறுபடி தள்ளினாள். வழுக்கியது.

கடையில் துடைப்பச் சத்தம் நின்றது. தொட்டியில் கண்ணாடி கொட்டுகிற சத்தம். பிறகு செருப்பு. நிதானமாக, இந்தப் பக்கமாக.

அம்மா ஊசியின் கையைப் பற்றி இழுத்து, அந்த விரல்களைப் பெட்டியின்மேல் வைத்தாள்.

"எனக்கு நகம் இல்லைடி. அவன் வர்றதுக்குள்ள இதைப் பழைய பக்கம் தள்ளிடும்மா."